தனக்கு மட்டும் இல்லை என்று நம்பியவர்

சகரியா 13:1 சொல்லும் பாவம் போக்கும் ஊற்றைப் பற்றிய ஞானப்பாட்டு நம் தமிழ்ப் பாமாலையிலும் உண்டு. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் அதைப் பாடும்போது, சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிய அடி வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர், தம் வாழ்வின் கடைசி 27 ஆண்டுகளில் பெரும்பகுதியை, அந்த ஊற்று எல்லோருக்கும் உண்டு, தனக்கு மட்டும் இல்லை என்ற எண்ணத்திலேயே கழித்தார்.

1731-ல் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். சட்டம் படித்தார். 1763-ல் பிரபுக்கள் சபையில் ஒரு பதவிக்காகத் தேர்வை எதிர்கொள்ள வேண்டிய அச்சத்தில் மனம் சிதைந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் மனநல விடுதியில் இருந்தபோது ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் அவரை எழுப்பி நிறுத்தியது. பிறகு ஓல்னி. லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த ஊர் அது. முன்பு அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்த ஜான் நியூட்டன் அங்கே குருவானவர். வாராந்தர ஜெபக்கூட்டத்துக்காக இருவரும் பாட்டு எழுதினார்கள்.

1773-ன் தொடக்கத்தில் நோய் திரும்பியது. கடவுள் தன்னைக் கைவிட்டார் என்று கனவில் தீர்ப்புக் கேட்டார் கூப்பர். அதன்பின் அவர் ஆலயம் போகவில்லை. 1779-ல் ‘ஓல்னி ஞானப்பாட்டுகள்’ அச்சேறியபோது, 348 பாட்டுகளில் 60-க்கும் மேற்பட்டவை அவருடையவை. அவற்றைப் பாட உரிமையில்லாதவராகத் தம்மையே எண்ணிக்கொண்டிருந்தார். 1799-ல் எழுதிய கடைசிக் கவிதைகளில் ஒன்றில், கப்பலிலிருந்து கடலில் விழுந்து மூழ்கிய மாலுமியைவிட ஆழத்தில் தாம் கிடப்பதாகச் சொன்னார். மறு ஆண்டு இறந்தார்.

இவரை விசுவாசி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பேன், தயங்காமல். கடவுள் இல்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளப்பட்டவரைக் கடவுள் கைவிடுவதில்லை என்பதே அவர் ஏற்ற போதனை. அதற்கு ஒரே விதிவிலக்காகத் தம்மைக் கருதினார். அந்த விதிவிலக்கை எழுதியது நோய். நிச்சயம்தான் விசுவாசத்தின் அளவுகோல் என்றால், நோயுற்ற மனம் எதை எடுத்து நீட்டும்? அடுத்தவரை ஊற்றண்டைக்கு அனுப்பிவிட்டு வெளியே நின்றவரின் பாட்டைப் பாடித்தான் எத்தனையோ பேர் சமாதானத்தோடு கண்மூடியிருக்கிறார்கள்.

என் பெரியம்மா கடைசிக் காலத்தில் திருவிருந்து எடுக்க மறுத்தார்கள். “எனக்கு மன்னிப்பு கிடையாதும்மா, நீ போய் எடு” என்பார்கள். அறுபது ஆண்டு ஓய்வுநாள் தவறாத மனுஷி. பார்க்க வந்தவர்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்று கட்டிலருகிலேயே பேசினார்கள். இரவெல்லாம் பெரியம்மா அழுதார்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நியூட்டன் வேறுவிதமாக நடந்துகொண்டார். 1773 ஏப்ரலில் தம் குருமனைக்கு வந்த கூப்பரை ஓராண்டுக்கு மேல் அங்கேயே வைத்துக் காத்தார். கூடவே இருந்து பணிவிடை செய்தவர் மேரி அன்வின் அம்மையார். சபைப் பெரியவர்களே, போதகர்களே, “நான் தள்ளுண்டவன்” என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வசனத்தால் வாதாடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், வீட்டில் இடம் கொடுங்கள், அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள்.