திருவுளச்சீட்டும் 49 வாக்குகளும்

ஒரு தொகுதியில் இருவர் ஏறத்தாழச் சமமான வாக்குகளைப் பெறும்போது அவருள் ஒருவரை வென்றவராக்குவது மக்கள் விருப்பமா, ஊழா என்னும் வினாவை, தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியிலிருந்து தொடங்குவது பொருந்தும். இவ்விடத்தைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளில், வைணவம் பேசும் முக்கூடற் பள்ளியும் சைவம் பேசும் மருதூர்ப் பள்ளியும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் ஏசித் தீர்த்தபின், எவர் தெய்வம் பெரிது என்ற தீர்ப்பு இல்லாமலேயே இணங்கிவிடுகின்றனர். தேர்தலுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருவரை அறிவித்தே ஆகவேண்டும்.

மனித அறிவு முடிவுகாண இயலாதபோது தெய்வத்தைக் கேட்பது நெல்லைச் சீமையின் பழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, வெளியே வேறுபாடு தெரியாதபடி நூலால் சுற்றி, சன்னிதியில் போட்டு, விவரம் அறியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் செய்வதே பூக்கட்டிப் பார்த்தல். குலுக்கிப் போடும் சீட்டுக்குத் 'திருவுளச்சீட்டு' என்று பெயர் வந்ததும் இந்த நம்பிக்கையால்தான். 10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் குடவோலையிலும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒரு சிறுவனே. எனினும் நிலம், வயது, கல்வி, கணக்குக் காட்டிய நேர்மை ஆகியவற்றால் மனிதர் சலித்தெடுத்த பின்னரே குடம் வந்தது என்பதை அதைப் புகழ்வோர் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்கும் முந்தைய, நெல்லையை அடுத்த மானூரின் பாண்டியர் கல்வெட்டு, சபையோரின் தகுதிகளை வகுத்ததோடு, எதைச் சொன்னாலும் மறுப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கு 5 காசு தண்டமும் விதித்தது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65ஆம் பிரிவில், இருவர் வாக்குகள் சரிசமமானால் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவருக்கு ஒரு வாக்கு கூடியதாகக் கொள்ளச் சொல்கிறது. அதாவது வேறுபாடு சுழியாக இருந்தால் மட்டுமே திருவுளத்துக்கு இடம்; ஒரே வாக்கு கூடினாலும் முடிவு முழுவதும் மனிதருடையது.

திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் 2009இல் 21,303, 2024இல் 1,65,620 என வாக்கு வேறுபாடு இருந்ததால் அங்கே இவ்வினா எழவில்லை. அதற்குள் அடங்கிய இராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் இன்பதுரை 69,590 வாக்குகளும் அப்பாவு 69,541 வாக்குகளும் பெற, 49 வாக்குகளில் முடிவு நின்றது. தோற்றவர் ஊழ் என்று தேறவும், வென்றவர் முயற்சி என்று மகிழவும் திருக்குறளில் 'ஊழ்', 'ஆள்வினையுடைமை' என இரு அதிகாரங்களும் உள்ளன. ஆனால் ஊழ் என்பது காரணம் கண்ணுக்குத் தெரியாத வினைப்பயன். இங்கே காரணம் கண்ணெதிரே இருந்தது. 203 அஞ்சல் வாக்குகள், அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் அதற்கு உரிய அதிகாரிகள் அல்லர் என்று தள்ளப்பட்டிருந்தன. தலைமையாசிரியரின் பச்சை மைக் கையொப்பம் செல்லுமா என்பதை ஊழின் கணக்கில் எழுதுவது, எண்ணுவோரின் பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் கட்டுவதாகும்.

அந்தக் கையொப்பம் செல்லும் என்று 2019 அக்டோபரில் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், அஞ்சல் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது. மறுஎண்ணிக்கை நடந்தது, முடிவை அறிவிக்க உச்சநீதிமன்றம் தடை விதித்தது. உண்மை என்பது வேறு, அதை அறியும் கருவியாகிய அளவை வேறு என்று சைவ சித்தாந்திகள் பிரித்துப் பேசுவர். இராதாபுரத்தில் அளவை தன் வேலையை முடித்து ஓர் எண்ணைத் தந்துவிட்ட போதிலும், 2021இல் அச்சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த எண் வாக்காளர் எவரிடமும் வந்துசேரவில்லை.