ஒரே கடை

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஹோபோகன் நகரின் ஆடம்ஸ் தெருவில் நிற்கும் வரிசை, நம்மூர் ரேஷன் கடை வரிசைக்கு நீளத்தில் குறைந்ததல்ல. ஒரே வித்தியாசம், யார் முகத்திலும் எரிச்சல் இல்லை. தோளில் ஜிம் பையோடு ஓர் இளைஞன், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய், இதே தெருவில் பிறந்து வளர்ந்து எங்கோ புறநகருக்குக் குடிபோய் வாரம் தவறாமல் காரோட்டி வரும் ஒரு கிழவர். எல்லாரும் காத்திருப்பது ஒரு ரொட்டிக்காக. அரை முழத்துக்கு மேல் நீளமான ரொட்டி. அதை நெடுக்காகப் பிளந்து, மெல்லச் சீவிய மாட்டிறைச்சியை அடுக்கி, அன்று காலை செய்த மொஸரெல்லாவைத் தடித்த வில்லைகளாக வைத்து, மேலே இறைச்சிச் சாற்றை ஊற்றித் தருவார்கள். அந்தச் சாறு ஊற்றிய ரோஸ்ட் பீஃப் வியாழனும் சனியும் மட்டும்தான். மற்ற நாள்களில் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது.

கடையின் பெயர் ‘ஃபியோரேஸ்’. 1913-இலிருந்து இருக்கிறது. மூன்று தெரு தள்ளித்தான் 1915-இல் பிராங்க் சினாட்ரா பிறந்தார். ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், மன்ஹாட்டனுக்கு நேர் எதிரே, ஒரு சதுர மைல் ஊர் என்று பெயரெடுத்த இடம் ஹோபோகன். மார்லன் பிராண்டோ நடித்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ படத்தின் கப்பல் துறைக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. இப்போது துறைமுகமும் இல்லை, மூட்டை தூக்குபவர்களும் இல்லை. ஆற்றோரம் முழுக்க அடுக்குமாடிகள். கடை வேறொரு குடும்பத்தின் கைக்கு மாறியும் பெயர் மாறவில்லை. நூறாண்டு தாண்டிய கடைக்கு இத்தனை கூட்டம் என்றால் நாடு முழுக்கக் கிளை திறந்திருக்க வேண்டாமா என்று வரிசையில் முதல்முறை நிற்கும் எவருக்கும் தோன்றும். குறிப்பாக, கிளை திறப்பதுதான் வெற்றி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு.

இப்படி நீள ரொட்டியில் அடுக்கித் தருவதற்குப் பெயர் சப். சென்னையில் சப் சாண்ட்விச் என்றால் மால்களில் இருக்கும் பச்சை மஞ்சள் பலகைதான் நினைவுக்கு வரும். அந்தப் பலகைக்கும் இந்த வரிசைக்கும் உறவு உண்டு, பங்காளி உறவு. அதற்குள் போகுமுன் சப் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

இத்தாலியிலிருந்து வரவில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 1880-க்கும் 1920-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்த ஏழைக் குடியானவர்கள். ஊரில் அவர்களுக்கு இறைச்சி என்பது திருவிழாச் சமாசாரம். சலாமியும் ஹாமும் பண்ணையார் வீட்டுப் பண்டங்கள். ஒரே ரொட்டிக்குள் மூன்று வகைப் பன்றியிறைச்சி, அதன்மேல் சீஸ், அதற்கும் மேல் எண்ணெய் என்று அடுக்குவதை அந்த ஊர்ப் பாட்டிகள் பார்த்திருந்தால் கூலி கெட்ட கூத்து என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கூலி கைக்கு வந்த பிறகுதான் அப்படி அடுக்க முடிந்தது. இன்று பாரம்பரியம் என்று போற்றப்படுவது, பசித்து வந்தவர்கள் முதல்முறை வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் செய்துகொண்ட புது ஊதாரித்தனம்.

இத்தகைய கடையைக் குறிக்கும் ‘டெலி’ என்ற சொல்லும் அவர்களுடையதல்ல, ஜெர்மானியர்களுடையது. இத்தாலியர்கள் வருவதற்கு முன் ஹோபோகன் ஜெர்மானியர்களின் ஊராகத்தான் இருந்தது. இறைச்சியைக் காகிதம்போல் சீவும் சுழல்கத்தி இயந்திரமோ, ராட்டர்டாமில் கசாப்புக் கடை வைத்திருந்த வான் பெர்கல் என்பவர் 1898-இல் காப்புரிமை பெற்றது. அந்த இயந்திரம் இல்லையென்றால் சப் என்பது ரொட்டிக்குள் இறைச்சித் துண்டு, அவ்வளவுதான். கத்தியால் வெட்டிய தடித்த துண்டைப் பல் இழுக்கும், ரொட்டி நழுவும், பாதி உள்ளடக்கம் சட்டையில் விழும். மெல்லச் சீவி மடித்து மடித்து வைத்தால்தான் இடையில் காற்று நின்று கடி இறங்கும். இறைச்சியாவது இத்தாலியில் செய்ததா என்றால், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயத்தில் பார்மா ஹாமை 1989 வரை பல்லாண்டுகள் அமெரிக்கா உள்ளே விடவில்லை. மோர்ட்டடெல்லாவுக்கு 2000 வரை தடை. மோர்ட்டடெல்லாவோடு நியூயார்க்கில் வந்திறங்கிச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும் பெண்ணாக சோஃபியா லோரன் நடித்த ஒரு படமே 1971-இல் வந்தது.

மொழி மட்டும் ஊரிலிருந்து வந்தது. நாப்போலி வட்டாரப் பேச்சில் சொல்லின் கடைசி உயிரெழுத்து விழுங்கப்படும். அதனால் நியூ ஜெர்சியில் மொஸரெல்லா ‘மட்ஸ்’ ஆனது, கப்பகோல்லோ ‘கபகூல்’ ஆனது. இன்று ரோமிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி ‘கபகூல்’ என்று கேட்டால் விழிப்பார். இத்தாலியில் பள்ளிக்கூடம் திருத்திவிட்ட பேச்சு இங்கே சாண்ட்விச் கடையில் ஒதுங்கி உயிர் பிழைத்தது. மலேசியத் தோட்டத்துத் தமிழைக் காதால் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

யார் முதலில் செய்தது என்பதற்கு ஊருக்கொரு கதை. மெய்ன் மாநிலத்து போர்ட்லண்டில், துறைமுகத் தொழிலாளர்களுக்கு ரொட்டி விற்ற ஜொவான்னி அமாட்டோ, அவர்கள் கேட்டதற்காக 1902-இல் அதற்குள் இறைச்சியும் சீஸும் காயும் வைத்தார் என்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் 1906-இல் ‘சென்ட்ரல் குரோசரி’ தொடங்கிய சால்வத்தோரே லூப்போ, ரொட்டியையும் இறைச்சியையும் ஆலிவ் ஊறுகாயையும் தனித்தனியாக வாங்கி மடியில் வைத்துத் தடுமாறும் சிசிலி விவசாயிகளைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு வட்ட ரொட்டிக்குள் அடைத்தார். அதுதான் முஃபுலெட்டா. ஃபிலடெல்ஃபியாவில் ஹோகி, நியூயார்க்கில் ஹீரோ, நியூ இங்கிலாந்தில் கிரைண்டர். சப்மரீன் என்ற பெயருக்குச் சொந்தம் கொண்டாடும் ஊர்களை எண்ணினால் விரல் போதாது. எல்லாக் கதைகளிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: வேலைக்கு நடுவே, உட்கார இடமில்லாமல் சாப்பிட வேண்டியிருந்த ஒருவன்.

இனி பங்காளிக் கதை.

போர்ட்லண்டை அடுத்த ஊரில், அமாட்டோ கடையின் சாண்ட்விச் தின்று வளர்ந்தவர் பீட்டர் பக். பின்னாளில் அணு இயற்பியலாளர். அவருடைய குடும்ப நண்பர் வீட்டுப் பையன் ஃபிரெட் டெலூகா, இத்தாலிய வம்சம், பதினேழு வயது, மருத்துவம் படிக்கப் பணமில்லை. சாண்ட்விச் கடை போடு என்று யோசனை சொல்லி ஆயிரம் டாலரும் கொடுத்தார் பக். 1965-இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் கடை திறந்தது. பத்தாண்டில் 32 கடை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. ஒன்பது ஆண்டு ஓடி 1974 வந்தபோது 16 கடைதான் ஆகியிருந்தது. பாதிதான் எட்டியிருக்கிறது, போகட்டும் என்று விட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக உரிமத்தை மற்றவர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 2015 வாக்கில், அந்தப் பச்சை மஞ்சள் பலகை மாட்டிய சப்வே கடைகள் அமெரிக்காவில் மட்டும் 27,000-ஐத் தாண்டின. 32 என்று எழுதி வைத்தவர்களுக்கு எந்த எண்ணில் போதும் என்று தோன்றியிருக்கும்? தோன்றவே இல்லை போலிருக்கிறது. பின்னர் அவற்றில் பல ஆயிரம் கடைகளை மூட வேண்டியும் வந்தது.

இன்னொரு பதினேழு வயதுப் பையனும் உண்டு. நியூ ஜெர்சிக் கடற்கரையில் பாயின்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1956-இலிருந்து நடந்த ‘மைக்ஸ் சப்ஸ்’ கடையில் எடுபிடியாக இருந்தவர் பீட்டர் கான்க்ரோ. 1975-இல் கடை விலைக்கு வந்தபோது அவர் பள்ளி இறுதி வகுப்பு மாணவர். வங்கியில் வேலை பார்த்த அவருடைய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் கடன் ஏற்பாடு செய்ய, 1,25,000 டாலருக்குக் கடையை வாங்கினார். ‘ஜெர்சி மைக்ஸ்’ என்று அது மூவாயிரம் கடையாகி, 2024-இல் சுமார் 800 கோடி டாலர் மதிப்பில் பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது.

இந்த இருவரையும் பேராசைக்காரர்கள் என்று முத்திரை குத்துவது எளிது. அது நியாயமல்ல. கையில் காசில்லாத பையனுக்குக் கடை பெருகுவது பாவமாக இருக்க முடியாது. ஆனால் பெருகும்போது எது கூடவே வர மறுக்கிறது என்பதைக் கவனிக்கலாம். 2020-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ரொட்டி அத்தியாவசிய உணவு, ஆகவே வரிவிலக்கு வேண்டும் என்றது சப்வே உரிமம் எடுத்திருந்த ஒரு நிறுவனம். அந்நாட்டுச் சட்டப்படி ரொட்டியில் மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. சப்வே ரொட்டியில் இருந்தது 10 சதவீதம். இது வரிவிலக்குக்கு உரிய ரொட்டி அல்ல என்று தீர்ப்பு வந்தது. சாண்ட்விச் பயணம் செய்தது. ரொட்டி எங்கோ வழியில் இறங்கிவிட்டது.

மட்ஸும் அப்படித்தான் பயணம் செய்யாது. உறைந்த பால்கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, கை பொறுக்காத சூட்டில் உப்பு வெந்நீரை ஊற்றி, துடுப்பால் கிளறி, ஜவ்வு மிட்டாய்போல் இழுத்து மடித்து, உருண்டையாகக் கிள்ளிப் போடுவார்கள். மொஸரெல்லா என்ற பெயரே வெட்டி எடுத்தல் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. உருண்டை இளஞ்சூட்டில் இருக்கும்போது கத்தி வைத்தால் பால் கசியும். குளிர்பதனப் பெட்டிக்குள் ஓர் இரவு வைத்தால் இறுகி ரப்பராகிவிடும். அதைச் செய்யத் தெரிந்த கை இரண்டு, இழுக்கும் பாத்திரம் ஒன்று, நல்ல நேரம் சில மணி. கடை எவ்வளவு பெரியதாகலாம் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. போதும் என்று முதலாளியின் ஞானம் சொல்லவில்லை, சீஸ் சொல்லிவிட்டது. காலை பத்து மணிக்கு மாவு தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கும் இட்லிக் கடைக்காரரிடம் போய் எளிமையின் தத்துவம் கேட்டால் அவர் சிரிப்பார் அல்லவா, அப்படி.

ஆற்றின் இந்தக் கரையில் மென்பொருள் வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களில் சைவக்காரர்களுக்கும் இந்த உருண்டைதான் கைகொடுக்கிறது: மட்ஸ், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடமிளகாய், எண்ணெய், கொஞ்சம் வினிகர். பால் உறைய வைக்கும் ரென்னட் சில சமயம் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது என்ற செய்தி அவர்களை வந்தடைய ஓரிரு ஆண்டு ஆகும். அதற்குள் நாக்கு பழகிவிடும்.

சின்னதாகவே இருப்பதற்கும் விலை உண்டு. மன்ஹாட்டனின் ஒன்பதாம் அவென்யூவில் 1893-இல் தொடங்கிய ‘மங்கனாரோஸ்’ கடை, ஆறடி நீள ஹீரோவால் புகழ் பெற்றது. அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து, பக்கத்துப் பக்கத்துக் கடைகளாக, ஒரே பெயரை முன்னிட்டு நீதிமன்றம் வரை போய், பல்லாண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் வியாபாரம் செய்தது. பழைய கடை 2012-இல் மூடியது. சண்டை இல்லாத கடைகளிலும் விடிவதற்குள் யாராவது எழுந்து வந்தாக வேண்டும். ஒரே கடை என்றால் ஒரே ஆள், ஞாயிறு பாராமல், முட்டி தேயும்வரை. அந்த ஆளின் பிள்ளைகள் படித்து வழக்கறிஞர்களானால் அவருக்குப் பெருமை, கடைக்கு நெருக்கடி. சென்ட்ரல் குரோசரியை 2021-இல் ஐடா சூறாவளி சிதைத்தது. சங்கிலிக் கடை என்றால் அடுத்த தெருக் கிளைக்குப் போகச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்கள். இங்கே மீண்டும் கதவு திறக்க மூன்றாண்டுக்கு மேல் ஆனது.

அவ்வளவு சிரமப்பட்டு ஒன்றை ஓரிடத்திலேயே வைத்திருப்பது யாருக்காக? குயின்ஸில் கொரோனா என்று ஒரு பகுதி. பெயரைக் கேட்டதும் நோய் நினைவுக்கு வரும். 2020-இல் நியூயார்க்கில் அந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் இத்தாலியர் பேட்டை, இன்று தெரு முழுக்க ஸ்பானியம். அங்கே ‘லியோஸ் லத்திச்சினி’ என்ற பழைய டெலியை எல்லாரும் ‘மாமாஸ்’ என்றே அழைக்கிறார்கள். நம் மாமா அல்ல, அம்மா. கடையை நடத்திய மூதாட்டியின் நினைவில் தெருவுக்கே அந்தப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அருகிலுள்ள மெட்ஸ் பேஸ்பால் மைதானத்திலும் அவர்களின் சாண்ட்விச் விற்கிறது. இத்தாலியர்கள் போனபின் இத்தாலியக் கடை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், மதிய இடைவேளையில் பசியோடு வரும் ஈக்வடார்க்காரக் கட்டடத் தொழிலாளி அதை ஒரு கேள்வியாகவே மதிக்க மாட்டார். 1902-இல் போர்ட்லண்ட் துறையில் நின்றவருக்கும் அவருக்கும் உட்கார இடமில்லை என்பதில் மாற்றமில்லை.

ஆடம்ஸ் தெருவில் வரிசை நகர்கிறது. இளைஞனுக்குக் கிடைத்துவிட்டது. குழந்தைக்கு ஒரு துண்டு சீஸ் சும்மா கிடைத்தது. பிந்தி வந்தவர் கல்லாப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். உள்ளே கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் தலையை ஆட்டுகிறார்: ரோஸ்ட் பீஃப் முடிந்தது. இனி வியாழக்கிழமைதான்.