செய்தவன் எவன்?

ஒரு பொருளைச் செய்தவன் இவன் என்று எதைக் கொண்டு சொல்லுகிறோம்? மூலப் பொருளைத் தந்தமையாலா, திட்டம் வகுத்தமையாலா, கை வருந்தியமையாலா? இக்கேள்வி வீண் தர்க்கம்போலத் தோன்றலாம். ஆயினும் உழைப்புக்குரிய மதிப்பு யாரைச் சேரும் என்பது இதன் விடையைப் பொறுத்ததாகலின், இதனை ஆராய்தல் தகும்.

ஓர் உதாரணம் காண்போம். இயந்திர மாதிரிகளைச் செய்வோர்க்கென இங்கிலாந்தில் 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் என்ஜினியர்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் அதில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், நீராவி இஞ்சின்களின் மாதிரிகளை எளியோரும் செய்யத்தக்க முறையைப் படிப்படியாக விளக்கினார். அவர் வகுத்த 'டிச்' என்னும் சிற்றிஞ்சின் மூன்றரை அங்குல அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடுவது. அது நிலக்கரி தின்று, மெய்யான நீராவியால், ஓர் ஆளையே இழுத்துச் செல்லும்!

இத்தகைய இஞ்சினைச் செய்பவன் வார்ப்புகளை விலைக்கு வாங்குகிறான். வரைபடம் மற்றொருவருடையது, திருகாணிகள் ஆலையில் பிறந்தவை, சில உறுப்புகள் எவரோ பாதியில் கைவிட்ட இஞ்சினிலிருந்து எடுத்தவை. "பிறர் செய்ததைப் பூட்டியவன்தானே! இவனுக்கென்ன பெருமை?" என்பர் சிலர்.

இக்கூற்றுப் பொருந்தாது. வார்ப்பு என்பது கரடான உலோகக் கட்டியே. சிலிண்டரைக் கடைந்து, ஆவி கசியாமலும் பிஸ்டன் இறுகாமலும் அமைப்பது அவன் வேலை. இருபுறத்துக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்றல் வேண்டும். அப்பொழுதுதான் ஒரு பிஸ்டன் தன் எல்லையில் செயலற்று நிற்கையில் மற்றது சக்கரத்தைத் தள்ளும். இந்த ஒழுங்கு எந்தப் பெட்டியிலும் விலைக்கு வருவதில்லை.

இன்னும் பெரிய காரணம் கொதிகலனில் இருக்கிறது. நெருப்பு மூட்டுமுன் அதில் குளிர்நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தின் இருமடங்கு வரை சோதிப்பது வழக்கம். நீர் எளிதில் சுருங்காதாகையால், பற்றுவைத்த இடம் விட்டாலும் கசியுமேயன்றி ஆவிபோல் வெடித்துச் சிதறாது. அங்கே, "செப்புத் தகடு பிறன் அடித்தது" என்னும் சாக்குச் செல்லுமோ? பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தையின் உயிருக்கு அவனே பொறுப்பாளி. எவன் பொறுப்பேற்கிறானோ அவனைச் செய்தவன் என்பதே நியாயம்.

ஆனால், "எல்லாம் நானே செய்தேன்" என்பானாயின் அதுவும் பொய்யே. 2008-ல் டார்லிங்டனில் முற்றுப்பெற்ற 'டொர்னேடோ' என்னும் முழு அளவு நீராவி இஞ்சினின் கொதிகலன் ஜெர்மனியிலுள்ள மைனிங்கனில் செய்யப்பட்டது. பலர் சிறுகச் சிறுக ஈந்த பணம் அதற்கு உதவிற்று. அதனால் அதன் பெருமை குறைந்ததா? இல்லை, பலருக்கும் உரியதாயிற்று.

நம் தோட்டங்களையே பாருங்கள். ரப்பரின் எடை கணக்கில் ஏறுகிறது. தோட்டத்தின் பெயர் சந்தைக்குப் போகிறது. விடியுமுன் பால்மரம் வெட்டியவரின் பெயரோ எங்கும் போவதில்லை. லாபம் வந்தால் "நாம் செய்தோம்" என்போர், குறை நேர்ந்தால் "அவன் செய்தான்" என்கின்றனர். இம்முறை தலைகீழானது. பொறுப்பை முழுமையாக ஏற்றுப் புகழைப் பகிர்ந்தளிப்பவனே செய்தவன் என்னும் பெயருக்கு உரியவன்.