வண்டி ஓட்டாதவர்களின் ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் காரில் போனால், செங்கல்பட்டைத் தாண்டி எந்த ஊரும் பக்கத்தில்தான் இருப்பதுபோலத் தெரியும். மனை விற்பவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் நம்மை அழைத்துப் போகிறார்கள். ஏ.சி. வேன், மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். "மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிடம்", "ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம்" என்று நோட்டீஸில் அச்சடித்திருப்பார்கள். அது யாருக்கு ஐந்து நிமிடம் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூட்டுவலியுள்ள என் மாமியாருக்கு அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம். என் மகளுக்கு சைக்கிளில் கால் மணி நேரம், அதுவும் வெளிச்சம் இருக்கும்வரை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவளுக்கு அந்த வழியே கிடையாது.

குடும்பத்தோடு ஊர் மாற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்: நம் வீட்டில் வண்டி ஓட்டாதவர்கள் யார் யார், யாரையும் எதிர்பார்க்காமல் அவர்கள் எங்கெல்லாம் போய்வர முடியும்? காற்று, தண்ணீர், மனை விலை எல்லாம் அதற்குப் பிறகு.

சென்னை மடிப்பாக்கத்தில் இருந்தோம். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. 2019 கோடையில் அதே வீட்டில் குளிக்கத் தண்ணீரில்லாமல் லாரிக்காகக் காத்துக் கிடந்தோம். இரண்டையும் பார்த்தபிறகு என் கணவர் ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் பிறந்தது வந்தவாசிப் பக்கம், வேலை ஒரகடத்தில். கிணறும் மாமரமும் உள்ள ஒரு வீடு அவர் மனதில் எப்போதும் உண்டு. பிள்ளைகள் மண்ணில் கால் வைத்து வளர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. எந்த ஊர் என்பதில்தான் இரண்டு பேரும் நிறையப் பேச வேண்டியிருந்தது.

நாங்கள் தேடியது, "கிராமம்னும் சொல்ல முடியாது, டவுன்னும் சொல்ல முடியாது" என்று அங்கே இருப்பவர்களே சொல்கிற மாதிரியான ஊர். செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஊர்கள் நிறைய. ஒரு பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது, இன்னொரு பக்கம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆளேற்றிப் போகிற கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஊரை, அரசு பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ அறிவிக்காவிட்டாலும், நகரம் என்று கணக்கில் எடுக்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று அளவுகோல்கள் வைத்திருந்தார்கள். குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். வேலை செய்கிற ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் சாராத தொழிலில் இருக்க வேண்டும்.

ஆண்களில் என்பதைக் கவனியுங்கள். கணவன் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டால் போதும், மனைவி அன்றைக்கும் நாற்று நடத்தான் போகிறாள் என்பது அந்தக் கணக்கில் வராது. கணக்கெடுப்பவர்களுக்கு அதற்கொரு காரணம் இருக்கலாம். ஊர் தேடுகிற குடும்பங்களும் அதே கணக்கைத்தான் போடுகின்றன என்பதுதான் எனக்கு வருத்தம். சம்பாதிக்கிற ஆணின் வேலை எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டர் கணக்கில் பார்க்கிறோம். மற்றவர்கள் எப்படியாவது பழகிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் நான்கு பேர் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் அந்த நான்கு பேரையும் முதலில் கேட்டிருக்க வேண்டாமா?

மனைப்பிரிவுகளைப் போய்ப் பார்த்தோம். வயலில் மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, வாசலில் வளைவு கட்டியிருந்தார்கள். பத்து மனைக்கு ஒரு வீடு என்ற கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. அங்கீகாரம் எல்லாம் பார்க்க வேண்டும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபிறகு வந்த விழிப்பு அது. அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்பவர்கள் இன்னும் குறைவு. அ-பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால், அது தண்ணீர் பாய்ந்து பயிர் விளைந்த நிலம். நல்ல மழையில் மறுபடியும் தண்ணீர் வந்து நிற்க வாய்ப்புண்டு. ஓர் இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் குச்சியைத் தன் இடுப்புக்கு நேராகப் பிடித்துக் காட்டி, "பதினஞ்சு மழையில இம்மாம் தண்ணி நின்னுதும்மா" என்றார். வேனில் எங்களைக் கூட்டிவந்த தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு மனைப்பிரிவு நல்ல மேட்டில் இருந்தது. தண்ணீர் இனிப்பாக இருந்தது. என் கணவர் மாமரம் வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டார். என் மாமியார் இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க யார்கிட்ட பேசறது?" என்றார். மடிப்பாக்கத்தில் கோவில், காய்கறிக் கடை, மருந்துக்கடை, எதிர்வீட்டு அம்மா என்று எல்லாமே அவருக்கு நடக்கிற தூரத்தில் இருந்தன. மெதுவாகப் போவார், நடுவில் இரண்டு இடத்தில் உட்காருவார், ஆனால் தானே போய்வருவார். இந்த மனையில் வீடு கட்டினால் ஒரு மாத்திரை வாங்கக்கூட மகன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் ஒருவரை நல்ல காற்றுள்ள இடத்தில் கொண்டுபோய் வைத்து, அவர் காலுக்கு எட்டியதையெல்லாம் எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் ஊருக்குள், பழைய தெருவில் வீடு பார்க்கலாம். அங்கே திண்ணை உண்டு, கடை உண்டு, பேச ஆள் உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு. "எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, "அங்க எந்தத் தெரு?" என்று கேட்டு, பதில் பிடிபடாவிட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே வந்துவிடுவார்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் வீடு. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் இடங்களில் வாடகைக்கு வருகிறவரும் ஏதோ ஒரு பக்கத்தில் நிற்க வைக்கப்படுகிறார். கிராமத்து அமைதியைப் பற்றி எழுதுபவர்கள் இதை எழுதாமல் விடுவது எனக்குக் கோபம் தருகிறது. இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் சிலர் ஆளில்லாத மனைப்பிரிவுக்குப் போகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட வீடுகளை வேண்டாம் என்று விட்டோம். வாடகையும் அட்வான்ஸும் மட்டும் பேசிய ஒரு வீட்டுக்காரம்மா பிறகு கிடைத்தார்.

அதற்கு முன்னால் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் வண்டி ஓட்டாதவர்களின் வாழ்க்கை பஸ்ஸில்தான் தொங்குகிறது. பெரிய பஸ் போகாத ஊர்களுக்கு 1997இல் மினி பஸ் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சந்தைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்களுக்கு அது கையில் நிற்கிற காசு. ஆனால் பஸ் வந்தால்தானே இலவசம்? ஜி.எஸ்.டி. சாலையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்கள் பறந்துகொண்டே இருக்கும். நடுவிலுள்ள சின்ன நிறுத்தங்களில் பல நிற்பதில்லை, நின்றாலும் அவற்றில் இலவசம் கிடையாது. ஓர் ஊருக்கு எத்தனை பஸ் என்று கேட்பதைவிட, சாயங்காலம் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, அது வராத நாளில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

அதைத் தெரிந்துகொள்ள, எனக்குப் பிடித்திருந்த ஓர் ஊருக்கு வார நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போனேன். திரும்புவதற்கு நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஐந்து இருக்கும். கூரை பெயர்ந்த நிழற்குடையில் பள்ளிச் சீருடையில் நான்கைந்து பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிர்த்திசையில் உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போகிறவர்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்து, "மதுராந்தகம் பஸ்ஸா? இப்பதாம்மா போச்சு. இனி ஆறேகாலுக்குத்தான். அதுவும் வந்தாத்தான்" என்றார். பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுப்பாட நோட்டை மடியில் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் இங்கேயே முடித்துவிடுவாளாம். இருட்டியபிறகு ஒரு பையன் பைக்கில் வந்து நின்று தன் தங்கையை ஏற்றிக்கொண்டான். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். ஆறேகால் பஸ் ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. என் மகள் வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அங்க இருந்தா நான் டியூஷனும் போக முடியாது, விளையாடவும் நிக்க முடியாதுப்பா" என்றாள். அவர் அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத் தூரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்ட விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரைக்குமானது மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு அதனால் ஆரம்பத்தில் தூரமே தெரியாது. பிள்ளை வளர வளரப் பள்ளிக்கூடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அரசு விலையில்லா சைக்கிளைப் பதினொன்றாம் வகுப்பில் கொடுப்பதே அந்த வயதில் தூரம் கூடிவிடுவதைச் சொல்கிறது. அதோடு, எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. பயாலஜி இல்லாத பள்ளிதான் பக்கம் என்றால், பதினைந்து வயதில் ஒரு பெண்ணின் படிப்பை அந்த ஊரே தீர்மானித்துவிடுகிறது. வீடு பார்க்கப் போகிற அன்றைக்கு இருக்கிற பிள்ளையின் வயதை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது.

வைத்தியத்தைப் பொறுத்தவரை நான் பயந்த அளவுக்கு இல்லை. அவசரத்துக்கு 108 வருகிறது, பெரிய நோய்க்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என் மாமியாருக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண் திண்ணையில் உட்கார்ந்து பி.பி. பார்த்துவிட்டு, ஊர்க்கதை இரண்டைச் சொல்லிவிட்டுத்தான் போவார். சென்னையில் எங்கள் தெருவில் இந்தப் பழக்கத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்தது செங்கல்பட்டுக்குத் தெற்கே, ரயில் நிற்கிற ஒரு பேரூராட்சிக்கு. வாடகை வீடு. ஸ்டேஷன், கடைத்தெரு, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றும் மாமியாரின் நடைக்கு எட்டுகிற தூரம். மாமரம் இல்லை. வாசலில் நான்கு செம்பருத்தி வைக்கிற அளவுக்குத்தான் மண். என் கணவருக்குத்தான் இதில் இழப்பு அதிகம். அவர் விரும்பிய மேட்டு மனை ஒரகடத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. இங்கிருந்து பைக்கில் போய்வருவதில் தினமும் கூடுதல் நேரம் போகிறது, மழை நாளில் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் நனைந்துவிடுகிறார். முதல் சில மாதங்கள் அந்தக் கோபம் அவருக்கு இருந்தது, அது நியாயமான கோபம். ஆனால் தூரத்தை யாராவது சுமக்க வேண்டும் என்றால், வண்டியும் சம்பளமும் உள்ளவர் சுமப்பதுதான் முறை என்பதில் நான் பின்வாங்கவில்லை. இப்போது அவரும் அதையே தன் நண்பர்களிடம் சொல்கிறார். மனை வாங்குவதில்லை என்று முடிவு செய்யவில்லை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை தள்ளிவைத்திருக்கிறோம்.

வெளியூர் போக யோசிக்கிற சிநேகிதிகள் என்னிடம் கேட்டால், காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன். வார நாளில், பஸ்ஸிலோ ரயிலிலோ, வீட்டிலுள்ள பெரியவரையும் பெரிய பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். விளக்கு வைத்தபிறகும் அந்த ஊரிலேயே இருங்கள். தெருவிளக்கு எதுவரை எரிகிறது, அந்த நேரத்தில் பெண்கள் வெளியே நடமாடுகிறார்களா, ஷேர் ஆட்டோ ஆள் நிறையாமல் கிளம்புமா என்பதெல்லாம் பகலில் தெரியாது.

எங்களுக்கும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுக்கப் போகிறேன் என்கிறாள். சைக்கிளில் போகிற தூரத்திலுள்ள பள்ளியில் அந்த குரூப் இல்லை, செங்கல்பட்டில் இருக்கிறது. செங்கல்பட்டு வரைக்கும் மின்சார ரயில் அடிக்கடி உண்டு, அதற்குத் தெற்கே மேல்மருவத்தூர் வரை வருபவை சில மட்டுமே. காலையில் நேரத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டபிறகு அடுத்த வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதே குரூப்பை நினைத்துக்கொண்டிருக்கிற இன்னும் இரண்டு பெண்களின் அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளும் சேர்ந்து போய்வரலாமா, காத்திருக்கிற நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் கிடைக்குமா, பஸ் நேரத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லி பணிமனையில் மனு கொடுத்தால் என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மனுவை நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.