புகைத்தலும் சம்மதமும்

ஒருவன் தன் உடலுக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும்போது அவனைத் தடுக்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. ஆங்கில மெய்யியலாளரான ஜோன் ஸ்டுவட் மில், 1859இல் சுதந்திரம் பற்றி வெளியிட்ட நூலில் இதற்குத் தெளிவானதொரு விடையைத் தந்தார். பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஒருவன் மீது அவன் விருப்பத்துக்கு மாறாக அதிகாரம் செலுத்தலாம். அவனது சொந்த நலன் அதற்குப் போதிய காரணமாகாது என்பது அவர் கொள்கை. தன்னைச் சார்ந்த செயலையும் பிறரைச் சார்ந்த செயலையும் பிரித்தறிய முடியும் என்ற நம்பிக்கையிலேயே இவ்விடையின் வலிமை தங்கியுள்ளது. புகைத்தல் அந்நம்பிக்கையைச் சோதிக்கும் செயலாகும். ஏனெனில், புகை அதனை விட்டவனோடு நின்றுவிடுவதில்லை.

நெடுங்காலமாகப் புகைத்தல் புகைப்பவனது சொந்த விடயமாகவே கொள்ளப்பட்டது. 1950இல் டோல், ஹில் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர் இருவர் சிகரட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய பின்னரும், தெரிந்தே செய்கிறான், அவன் பாடு என்று கூற இடமிருந்தது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரயாமா வெளியிட்ட முடிவுகள் அவ்விடத்தை இல்லாமற் செய்தன. புகைக்கும் பழக்கமற்ற 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த அவர், கணவர் புகைக்கும் அளவு கூடக்கூட, மனைவியர் சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கும் வீதமும் கூடுவதைக் கண்டார். சிகரட் உற்பத்தியாளர் தரப்பு இதனை வன்மையாக மறுத்தது. எனினும், பின்வந்த ஆய்வுகள் பல அம்முடிவுக்கே வலுச்சேர்த்தன. ஆண்டுதோறும் உலகில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிறர் விட்ட புகையால் மாண்டுபோவதாக உலக சுகாதார நிறுவனம் இன்று மதிப்பிடுகின்றது.

இவ்வறிவு சட்டமாக உருப்பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய அனைத்துலகச் சமவாயத்தை 2003இல் இந்நாடு ஏற்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரங்களையும், இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், மூடிய பொது இடங்களிற் புகைப்பதையும் தடைசெய்தது. 2015 முதல் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிரப்பிற்று. இவற்றால் விளைந்த மாற்றம் சிறிதன்று. காலி வீதியில் ஓடும் பஸ்ஸிலோ வெள்ளவத்தையில் உள்ள வங்கியொன்றிலோ சிகரட் பற்றவைக்கும் ஒருவரைக் காண்பது இன்று அரிது.

எனினும், அச்சட்டம் தானே சில இடங்களில் விலகி நிற்கின்றது. முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதிகளும் முப்பது பேர் அமரக்கூடிய உணவகங்களும் புகைப்போருக்கெனத் தனியிடம் ஒதுக்க அது இடமளித்தது. அங்கு வந்திருப்பவர் தாமே விரும்பி வந்தவர் எனலாம். ஆனால், அவருக்குத் தேநீர் கொண்டுசெல்லும் பணியாளர் விரும்பியா அங்கு நிற்கின்றார்? தொழிலை இழக்க அஞ்சி ஏற்கும் ஒன்றைச் சம்மதம் என்று கூறுதல் பொருந்துமா?

இவ்வினா விடுதியோடு முடிவதன்று. வீட்டு வாசலுக்கும் வருகின்றது. சம்மதத்துக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: நேரக்கூடிய தீங்கை அறிந்திருத்தல், மறுத்துக்கூற இயலுதல், விலகிச்செல்ல இயலுதல். பஸ்ஸிற் பயணஞ் செய்பவருக்கு இம்மூன்றும் ஓரளவேனும் உண்டு. அவர் முறையிடலாம், இறங்கிவிடலாம். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியிலோ, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடொன்றிலோ, கல்கிசையில் வாடகைக்கு எடுத்த ஓரறையிலோ வாழும் குழந்தைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. மனைவிக்கு முதலாவது இருக்கலாம். ஏனைய இரண்டும் பல குடும்பங்களில் இல்லை. 2015இல் நடந்த தேசிய ஆய்வின்படி இலங்கை ஆண்களில் ஏறத்தாழ 29 வீதத்தினர் புகைப்பவர். பெண்களில் அத்தொகை ஒரு வீதத்தையும் எட்டவில்லை. ஆகவே, இந்நாட்டில் புகையின் இன்பம் பெரும்பாலும் ஒருபாலாரதாயும், விரும்பாது சுமக்கும் கேடு பெரும்பாலும் மறுபாலாரதாயும் உள்ளது. பிறர் புகையின் கேட்டை உலகுக்கு உணர்த்தியவர்கள் வீட்டிலிருந்த மனைவியர். அவ்வுணர்வாற் பிறந்த சட்டமோ வீட்டுக்கு வெளியே நிற்போரையே காத்தது. இம்முரண் சிந்தனைக்குரியது.

அவ்வாறாயின் சட்டம் வீட்டினுள்ளும் நுழைய வேண்டுமா? அங்ஙனம் நுழையும் அரசு புகையோடு மட்டும் நின்றுவிடும் என எவரும் உறுதிகூற முடியாது. கதவைத் தட்டும் அதிகாரத்தின் கொடுமையை இந்நாட்டுத் தமிழருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. மேலும், புகையிலை வெறும் தீயபழக்கமாக மட்டும் இங்கு வாழவில்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலையும், தென்னிலங்கை நகரங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளும் பல குடும்பங்களின் அடுப்பை எரித்தன, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. இவ்வரலாற்றை மறந்து புகைப்பவரை இழிந்தோராகக் காண்பது நீதியன்று. ஆயினும், ஒரு பொருள் முன்னோருக்குச் சோறிட்டது என்பது பின்வந்தோரின் மூச்சைக் கெடுக்கும் உரிமையாகிவிடாது.

வீட்டினுள் நுழையாமலே வீட்டை மாற்றச் சட்டத்தால் இயலும் என்பதற்கு ஸ்கொட்லாந்து ஓரளவு சான்றாகின்றது. அங்கு 2006இல் மூடிய பொது இடங்களிற் புகைத்தல் தடுக்கப்பட்டபோது, புகைப்போர் வீட்டிற் கூடுதலாகப் புகைப்பர் எனச் சிலர் அஞ்சினர். மறுஆண்டு வெளியான ஆய்வு, புகைக்காத சிறுவரின் உமிழ்நீரிற் காணப்படும் புகையின் அடையாளப்பொருள் சராசரியாக 39 வீதம் குறைந்ததைக் காட்டிற்று. வெளியே வெட்கத்துக்குரியதாகிய செயல் உள்ளேயும் தயக்கத்துக்குரியதாகின்றது போலும். ஆனால், தாய் புகைத்த வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழவில்லை. சட்டத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் இவ்வொரே ஆய்வு புலப்படுத்துகின்றது.

அவ்வெல்லைக்கு அப்பால் இருப்பது ஒழுக்கத்தின் ஆட்சி. சட்டம் தடுக்காதது அனைத்தும் அனுமதிக்கப்பட்டதே எனக் கருதுவோர், தண்டனைக்கு அஞ்சி ஒழுகுவோரேயன்றி அறத்தின்பால் ஒழுகுவோர் அல்லர். பஸ்ஸில் அந்நியர் ஒருவருக்காகச் சிகரட்டை அணைக்கும் ஒருவன், தன் வீட்டிற் குழந்தையின் அருகிலிருந்து அதனைப் பற்றவைப்பானாயின், முன்னர் அவன் மதித்தது மனிதரையன்று, தண்டப்பணத்தையே என்பது வெளிப்படும். முறையிட வாயும் விலகிச்செல்ல வழியும் இல்லாதவரிடத்துக் கடமை குறைவதில்லை. அங்குதான் அது முழுமையடைகின்றது. அவர்களது மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளும் உரிமை எவருக்குமில்லை.