நட்டம் வந்த நாளில் தெரியும் நற்குணம்

 

உங்கள் பொறுப்பில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். படித்துப் படித்துச் சொன்ன ஒன்றை அவர்களில் ஒருவர் செய்யாமல் விட்டுவிட்டார். நட்டம் உங்கள் தலையில் விழுந்தது. இப்போது அவரிடம் கடுமை காட்டுவது உங்கள் உரிமையா? மென்மையாக நடந்துகொண்டால் அது பலவீனமா? கடை முதலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர், பள்ளிவாசல் முத்தவல்லி என்று பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

உஹத் சொல்லும் பதில்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. எதிரிகளை மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று இளைஞர்கள் ஆர்வத்துடன் வற்புறுத்தினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உஹதில் 50 வில்வீரர்களை ஒரு குன்றின் மீது நிறுத்தி, என்ன நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் இறங்கிவிட்டார்கள். விளைவு, பெரும் இழப்பு. அந்தப் போரில் ஹம்ஸா (ரலி) உட்பட சுமார் 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். நபியவர்களின் முகத்திலும் காயம், பல்லும் உடைந்தது.

இதற்குப் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனங்களைக் கவனித்துப் பாருங்கள். 152ஆவது வசனத்தில் அல்லாஹ் அவர்களின் தவறை மூடி மறைக்கவில்லை. கருத்து வேறுபட்டு மாறு செய்ததைத் தெளிவாகச் சொல்கிறான். அவர்களை மன்னித்துவிட்டதையும் அங்கேயே சொல்கிறான். 159ஆவது வசனத்தில், நபியவர்கள் கடின சித்தம் கொண்டவராக இருந்திருந்தால் மக்கள் அவர்களை விட்டுக் கலைந்து போயிருப்பார்கள் என்கிறான். அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படியும், காரியங்களில் அவர்களுடன் ஆலோசிக்கும்படியும் கட்டளையிடுகிறான்.

எந்த ஆலோசனை? எந்த மக்களின் கருத்தைக் கேட்டு வெளியே சென்று இழப்பு நேர்ந்ததோ, அதே மக்களிடம் மீண்டும் ஆலோசனை! "அன்றைக்கே நான் சொன்னேனே" என்று குத்திக்காட்ட நமக்கு எவ்வளவு ஆசை வருகிறது! ஒருமுறை தவறிப்போனவரிடம் அதன்பின் நாம் எதையுமே கேட்பதில்லை. மன்னித்துவிட்டேன் என்று வாய் சொல்லும், நடத்தை சொல்லாது.

மக்கள் கலைந்து போவது என்றால் வேலையை விட்டு நிற்பது மட்டுமல்ல. முதலாளியின் ஏச்சுக்குப் பயந்தவர் உடைந்த சரக்கை ஒளித்து வைப்பார். கணக்கில் விழுந்த பிழையைச் சொல்லமாட்டார். ஆள் கடையில் நிற்பார். மனம் எப்போதோ போயிருக்கும்.

மென்மைக்கும் எல்லை உண்டு

அப்படியானால் எதையும் கண்டிக்கவே கூடாதா? ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், ஒரு பகுதியைத் தனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டார். தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டார்கள். பிறகு மிம்பரில் ஏறி, பெயரைச் சொல்லாமல் அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் இது பதிவாகியுள்ளது. தமக்காக எவரையும் பழிவாங்காத நபியவர்கள், மக்களின் அமானிதம் என்று வந்தபோது விட்டுக்கொடுக்கவில்லை.

இதுதான் அளவுகோல். உங்களுக்கு ஏற்பட்ட வருத்தத்தை, உங்கள் சொந்த நட்டத்தை மன்னிப்பது உங்கள் கையில் இருக்கிறது. வக்ஃபுப் பணத்தையும் பிறருடைய ஹக்கையும் மன்னித்துவிட நீங்கள் யார்? நம்மிலோ பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம் மரியாதை குறைந்தால் கொதிக்கிறோம். பொதுச் சொத்து குறைந்தால் பெருந்தன்மை காட்டுகிறோம்.

கோபமாக இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நபியவர்கள் நீதிபதிகளைத் தடுத்தார்கள். ஒருவருடைய சம்பளத்தைப் பிடிப்பதும், வேலையிலிருந்து நிறுத்துவதும் தீர்ப்புத்தானே! கோபம் தணியட்டும். வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் பார்க்க ஏசுவதை விட்டுவிட்டு, அவரைத் தனியே அழையுங்கள். தவறைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் தரப்பையும் கேளுங்கள். அடுத்த காரியத்தில் அவரிடமும் ஒரு யோசனை கேளுங்கள். அவருக்காக ஒரு துஆவும் செய்யுங்கள்.

நம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி நாளை நாமும் விசாரிக்கப்படுவோம். அன்று அல்லாஹ்விடம் நாம் எதிர்பார்க்கும் மன்னிப்பை, இன்று நமக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.