தெரிந்தவர் கேட்கும் எளிய கேள்வி



இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், "இந்த ஃபைலை மெயிலில் எப்படி அனுப்புவது?" என்று வந்து நிற்கிறார். போன மாதமும் சொல்லிக் கொடுத்தோம். "இத்தனை வருடம் என்னதான் செய்தீர்கள்?" என்ற வார்த்தை நாக்கின் நுனி வரை வந்துவிடுகிறது. இந்தக் கோபம் நியாயமானதா?

வருடங்களின் கணக்கு வேறு, அறிவின் கணக்கு வேறு. பலரும் கற்றுக்கொண்டது தங்கள் வேலைக்குத் தேவையான நாலைந்து க்ளிக்குகளை மட்டுமே. அந்தப் பாதை மாறினால் தடுமாறிப் போவார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். பல வருடம் பழகியவர்களே திணறினார்கள். மறு வருடமே அந்தப் பட்டனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. குறை எப்போதும் கேட்பவரிடம்தான் என்று எப்படிச் சொல்வது?

முப்பது வருடம் தொழுதவரும் ஸஜ்தா ஸஹ்வு பற்றி இமாமிடம் வந்து கேட்கிறார். "இது கூடவா தெரியாது?" என்று இமாம் விரட்டினால் நாம் ஏற்போமா?

ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித வடிவில் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு வந்த சம்பவம் நமக்குத் தெரியும். இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன என்று, புதிதாக வந்தவர் கேட்பதைப் போலக் கேட்டார்கள். பதிலைக் கேட்டு, அது சரிதான் என்றும் சொன்னார்கள். ஸஹாபாக்களுக்கு வியப்பு! நபி (ஸல்) அவர்களோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். வந்தவர் மார்க்கத்தைக் கற்றுத்தர வந்த ஜிப்ரீல் என்று பிறகு அறிவித்தார்கள். கேள்வி எளியது என்பதால் கேட்டவர் சிறியவராகி விடுவதில்லை.

சகோதரர்களே! நம் சலிப்பின் விலை என்ன தெரியுமா? ஒருமுறை முகம் சுளித்தால், வாப்பா அடுத்த முறை நம்மிடம் கேட்க மாட்டார். ஒருநாள் போன் வரும். "உங்கள் பேங்க் கணக்கு முடங்கப் போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்பான் ஒருவன். ஏமாற்றுக்காரன் சலித்துக்கொள்வதே இல்லை. பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் பொறுமையாக விளக்குவான். நம் வீட்டில் கிடைக்காத பொறுமை அவனிடம் கிடைக்கிறது! பணம் போன பிறகும் வெட்கத்தால் வெளியே சொல்ல மாட்டார். உடனே 1930-ஐ அழைத்துப் புகார் செய்ய வேண்டிய நேரம் அப்படியே கரைந்துவிடும்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. அடுத்தவரின் நேரம் அமானிதம். சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் நீங்களே முயன்று பாருங்கள்.

சொல்லித்தருபவருக்கு ஒரு வார்த்தை. அவசரத்தில் மவுஸைப் பிடுங்கி நாமே முடித்துக் கொடுக்கிறோம். அவர் கை கற்கவே இல்லை. அடுத்த மாதம் அதே கேள்வியோடு வராமல் என்ன செய்வார்? பக்கத்தில் அமர்ந்து, அவர் கையாலேயே செய்ய வையுங்கள். ஐந்து நிமிடம் அதிகமாகும். ஆனால் அவருடைய மானமும் நம் நேரமும் மிஞ்சும்.

கேட்பவரை விரட்டாத நாவையும், கேட்கத் தயங்காத உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.